எங்கள் தேனிலவுக்கு நான்-ஸ்டாப் போட்ட அஜெண்டா

இந்தப் பூமியில் உட்காரவே தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் பழைய ஆபீஸ் நான்-ஸ்டாப்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் நான்-ஸ்டாப். பெங்களூரில் என் முதல் சாஃப்ட்வேர் வேலையில் அவர்தான் டீம் லீட். மீட்டிங்கில் மற்றவர்கள் நாற்காலி தேடும்போது அவர் நாற்காலிகளுக்கு நடுவே நடை போடுவார். மதியம் சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மாடி மாடியாகச் சுற்றுவார். சாம்பார் ஒரு மாடியில், ரசம் அடுத்த மாடியில். மோர் சாதத்துக்கு மொட்டை மாடி.

ஹெப்பால் பக்கம் டிராஃபிக்கில் கேப் நின்றால் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். "நான் நடந்துட்டே இருக்கேன், பின்னாடி வந்து ஏத்திக்கோங்க." அவர் ஏர்போர்ட்டுக்கே நடந்து போய்ச் சேர்ந்த கதையெல்லாம் ஆபீஸில் உலவும். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். நாங்கள் மேம்பாலத்தைத் தாண்டி இறங்கியபோது அவர் இளநீர் குடித்து முடித்து, எங்களுக்கும் சீவி வாங்கி வைத்திருந்தார்.

என் முதல் வெளிநாட்டுப் பயணம் அவரோடுதான். வியன்னாவில் கிளையண்ட். அங்கே ஏர்போர்ட்டில் பெட்டி வரும் பெல்ட் சுற்ற ஆரம்பித்ததும், அது சுற்றி வரப் பொறுமை இல்லாமல் இவர் பெல்ட்டைச் சுற்ற ஆரம்பித்தார். அவர் பெட்டி அவருக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. கடைசிவரை இவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. அந்தப் பயணம் முழுக்க வியன்னாவில் நான் பார்த்தது அவருடைய முதுகைத்தான். "பேகா பேகா" என்று கன்னடத்தில் விரட்டிக்கொண்டே முன்னால் போவார். டிராம் ஜன்னல் வழியே, ஒரே ஒரு கப் காபியை வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பார்த்து வயிறெரிந்தேன். ஒருநாள் இங்கே திரும்பி வந்து சும்மா உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் நிச்சயமானதும் தேனிலவுக்கு வியன்னா என்று நான் சொன்னது அதனால்தான். எங்கள் வீடு பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில். மாப்பிள்ளை எட்வின் பக்கத்து ஜீவனஹள்ளிக்காரர், ஸ்கூலில் கணக்கு வாத்தியார். சர்ச்சில் ஒரு ஆன்ட்டி பேசி முடித்த சம்பந்தம். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் மட்டும் எதுவுமே சொல்லவில்லை. இவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, இல்லை பெரியவர்கள் சொன்னார்கள் என்று கழுத்தை நீட்டிவிட்டாரா? அதுதான் என் கவலை. ஃப்ளைட்டில் "ஜன்னல் சீட் வேணுமா?" என்று கேட்டார். "இல்ல, நீங்களே உக்காருங்க" என்றேன். அந்தப் பேச்சோடு கடலையும் கண்டத்தையும் தாண்டினோம்.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். எங்கள் ஆபீஸில் லீவு போட்டால் அதை டீம் காலண்டரில் ஏற்ற வேண்டும். வேலைப் பயணத்துக்கு ஏற்றி ஏற்றிப் பழகிய கை, தேனிலவையும் அப்படியே ஏற்றிவிட்டது. ஃப்ளைட் நேரம், ஹோட்டல் பெயர், ஒன்று விடவில்லை. நான்-ஸ்டாப் அப்போது மாதக்கணக்கில் வியன்னாவில்தான் இருந்தார். கல்யாணப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் போனில் மீட்டிங் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. எந்த மீட்டிங் வந்தாலும் படித்துப் பார்க்காமல் 'அக்செப்ட்' கொடுக்கிற கட்டைவிரல் எனக்கு. எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டேன்.

வியன்னாவில் வெளியே வந்தால், 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் எட்வின்' என்று அட்டை பிடித்துக்கொண்டு நான்-ஸ்டாப். அட்டை ஒரு இடத்தில் நிற்கவில்லை, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்க்கொண்டிருந்தது.

"வாம்மா ஷீலா. வாங்க எட்வின். பெட்டிய ஹோட்டல்ல போட்டுட்டு நேரா அரண்மனை. பேகா பேகா."

"சார், இன்னிக்கி ரெஸ்ட் எடுக்கலாம்னு…"

"நீ அக்செப்ட் பண்ணியிருக்கியேம்மா."

போனை நீட்டினார். 'ஹனிமூன், முதல் நாள். கலந்துகொள்வோர் மூவர்.' எட்வின் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஓ" என்றார். புருஷனோடு தனியாக இருக்கப் பிடிக்காமல் ஆபீஸ் ஆளை வரவழைத்தவள் என்று நினைக்க மாட்டாரா? விளக்கிச் சொல்லவும் வழியில்லை. நான்-ஸ்டாப் அதற்குள் பெட்டியோடு பாதி தூரம் போய்விட்டார்.

ராஜாக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அரண்மனையை நாங்கள் மூச்சு வாங்குவதற்குள் பார்த்து முடித்தோம். "இது ராணி ரூம். பாத்தாச்சா? அடுத்தது." நடந்துகொண்டே போட்டோ எடுப்பார். எல்லாப் படத்திலும் எட்வினுக்கு இரண்டு மூக்கு. ஆற்றில் படகு ஏறினால் படகு ஒரு பக்கம் போகும், அவர் படகுக்குள் இன்னொரு பக்கம் போவார். சாயங்காலம் ஹோட்டல் லாபியில் நின்றபடியே ரிவியூ.

"மூணு ஐட்டம் முடிஞ்சுது, ஒண்ணு பெண்டிங். எட்வின், ஃபீட்பேக் சொல்லுங்க."

"நல்லா இருந்துச்சு சார்."

எனக்கு அழுகை வந்தது. வந்தது வீணாய்ப் போகிறதே என்று அழவும் செய்தேன், குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு.

மறுநாள் ராட்டினம். ஊரையே காட்டுகிற பெரிய ராட்டினம், ஒவ்வொரு பெட்டியும் ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும். கியூவில் எட்வின் முதல்முறையாகத் தானாக வாயைத் திறந்தார்.

"சார், இது ஒரு சுத்து வர ரொம்ப நேரம் ஆகுமா?"

"பயங்கர ஸ்லோப்பா. அதான் எனக்கு இதப் புடிக்காது. உங்களுக்காக வெச்சேன்."

"நடுவுல எறங்க முடியாதில்ல?"

"எப்படிப்பா முடியும்?"

கணக்கு வாத்தியார் தலையாட்டிக்கொண்டார். கதவு திறந்ததும் நான்-ஸ்டாப் வழக்கம்போல் முதல் ஆளாக உள்ளே பாய்ந்தார். நான் காலைத் தூக்கினேன். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்து நிறுத்தியது. பின்னால் இருந்த யார் யாரோ ஏறினார்கள், கதவு மூடிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்-ஸ்டாப் வாயைத் திறந்து ஏதோ சொன்னபடியே மேலே போனார்.

"எட்வின், என்ன இது?"

"அவர் கீழ வரதுக்குள்ள டிராம் புடிச்சிடலாம். ஓடி வாங்க."

ஓடினோம். சிரிப்பில் எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால், உச்சியில் ஒரு பெட்டிக்குள் ஓர் உருவம் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தது.

இரண்டு போனையும் அணைத்துவிட்டு ஒரு காபிக் கடையில் போய் உட்கார்ந்தோம். சும்மா உட்கார்ந்தோம். காலண்டர் கதையைச் சொன்னேன்.

"படிக்காமயே அக்செப்ட் பண்ணீங்களா?"

"ஆமா."

"என்னையுமா?"

"இல்ல. உங்கள மட்டும் ரொம்ப யோசிச்சுதான்."

காபியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். "நீங்க நாலு நாடு பாத்தவங்க. நான் எதனா தப்பாப் பேசி, இந்த ஆளா நமக்குன்னு உங்களுக்குத் தோணிடுமோன்னு வாயே தொறக்கல" என்றார். அதன்பிறகு அந்த வாய் மூடவே இல்லை. ஸ்கூல், ஹெட்மாஸ்டர், பத்தாம் வகுப்பு விடைத்தாளில் பையன்கள் எழுதி வைக்கிற அநியாயம், எல்லாம் சொன்னார். வெளியே இருட்டியதைக் கவனிக்கவில்லை.

ஹோட்டலுக்குத் திரும்பினால் லாபி சோபாவில் நான்-ஸ்டாப் உட்கார்ந்திருந்தார். ஆமாம், உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

"எங்கம்மா போயிட்டீங்க? போன் ஆஃப்ல இருக்கு. உங்கம்மாக்கு வேற பண்ணிட்டேன்."

ரிச்சர்ட்ஸ் டவுனில் அந்நேரம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டமே ஆரம்பித்திருந்ததாம். அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை.

"தனியாப் போணும்னா சொல்லியிருக்கலாமேம்மா. நான்தான் புரிஞ்சிக்கல. ரூமுக்குப் போனா சுவருதான் இருக்கு. வேலை முடிஞ்சு சிவாஜிநகர்ல வீட்டுக்குப் போன் போட்டா பொண்ணு தூங்கிடறா. வாய்விட்டுத் தமிழ் பேசி எவ்ளோ நாளாச்சு. நீங்க வரீங்கன்னு பாத்ததும் குஷியாயிட்டேன்." எழுந்துகொண்டார். "நாளைக்கு எதுவும் இல்ல. நீங்க ரெஸ்ட் எடுங்க."

லிஃப்ட் வந்தது. எட்வின் ஏறவில்லை.

"நாளைக்கு அவரையும் கூட்டிட்டுப் போலாம் ஷீலா. நமக்குத்தான் இனிமே எல்லா நாளும் இருக்கே."

நான் பதில் சொல்வதற்குள், "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டபடி வெளியே போய்விட்டார். நான்-ஸ்டாப் அதற்குள் தெருக்கோடியைத் தொட்டிருந்தார். என் வீட்டுக்காரர் அவரைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பேரையும் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. நானும் ஓடினேன்.