கேப்டனுக்குக் கொண்டுபோன ஏலக்காய்

உண்மை பேசுவது நல்ல குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மேல் உண்மை பேசுகிறவனோடு மட்டும் யாரும் வெளியூர் கிளம்பக் கூடாது. போன காரியமும் நடக்காது, திரும்பி வரும்போது மானமும் மிஞ்சாது. இதை என் மனைவி கோகிலாவைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வாள். (கேட்டுவிடாதீர்கள். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.)

எனக்கு ஊர் மலையாளத்து மலைமேல் இருக்கிற சக்குபள்ளம். வீட்டைச் சுற்றி ஏலத்தோட்டம். பறித்து வரும் பச்சைக் காயை உலர்த்துகிற இடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்பார்கள். அங்கே நான் சூப்பர்வைசர். அதற்கு முன் அதே ஸ்டோரில் என் அப்பா இருந்தார். பிள்ளையாக இருந்தபோது என்னை ஏலக்காய் மூட்டை மேல்தான் தூங்கவைப்பார்களாம். கோகிலா பாலக்காட்டுக் கிழக்குக் கோடியில், கோபாலபுரத்தில் பிறந்தவள். தென்னந்தோப்பும் செக்போஸ்ட்டும் உள்ள ஊர். பேச்சு அப்படியே பொள்ளாச்சிப் பேச்சு.

எங்கள் கல்யாணம் கொரோனா காலத்தில் நடந்தது. நடந்தது என்பதே பெரிய வார்த்தை. பெண் வீட்டில் பாதி உறவு தமிழ்நாட்டுப் பக்கம். பாஸ் வரவில்லை என்று அத்தனை பேரையும் செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். பட்டுச் சேலையும் முகக்கவசமுமாகத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எங்கள் கார் மேல் அட்சதை போட்டார்கள். வரவேற்பு ரத்து. வரவேற்புக்கென்று கோகிலா ஆசை ஆசையாக எடுத்த மயில்கழுத்துப் பட்டு, மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் போய்விட்டது.

அவள் அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒரே ஒரு முறை, போனில் ஏதோ கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, வரவேற்புத்தான் இல்லீன்னு ஆயிப்போச்சு. ஒருக்கா கப்பல்ல போகோணுமுங்க. அந்தச் சீலைய அங்க கட்டிக்கறனுங்க."

அவள் என்னிடம் கேட்ட முதல் ஆசை அது. அடுத்த வருஷம் கொச்சியிலிருந்து உல்லாசக் கப்பல் மறுபடி விடுகிறார்கள் என்றதும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

கூடவே விதிமுறைகள் வந்தன. இரண்டு ஊசி போட்ட சான்றிதழ் வேண்டும். கிளம்புவதற்குச் சற்று முன் எடுத்த டெஸ்ட் நெகட்டிவாக இருக்க வேண்டும். துறைமுகத்தில் வைத்து உடம்பு எப்படி இருக்கிறது என்று மறுபடி கேட்பார்கள். வேறு யாராக இருந்தாலும் இதைப் படித்துப் பயந்திருப்பார்கள். நான் குஷியாகிவிட்டேன். ஏனென்றால் கொரோனா என்பது என் சொந்த இலாகா. பஞ்சாயத்தில் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், ஆட்களைத் தனிமைப்படுத்தி, வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிற தொண்டர் படையில் நான் இருந்தேன். சொந்தத் தாய்மாமன் பாண்டி, டீக்கடையில் ஒரே ஒரு தும்மல் போட்டார். அவரையே வீட்டில் அடைத்தவன் நான்.

"மொளகாப்பொடி நெடிடா மாப்ள" என்று கெஞ்சினார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் மாமா" என்று சொல்லிக் கதவில் நோட்டீஸை ஒட்டினேன். (நாலு பக்கமும் பசை தடவி.)

அப்பேர்ப்பட்டவன் சொந்தப் பயணத்தை விடுவேனா? டெஸ்ட் நெகட்டிவாக வர வேண்டுமே என்று எங்கள் இருவரையும் வீட்டுக்குள்ளேயே பூட்டினேன். பால்காரர் படியோடு சரி. அந்த வாரம் பார்த்து கோகிலாவின் தங்கைக்கு வளைகாப்பு.

"ஒரே தங்கச்சிங்க. மூஞ்சியக் காட்டிப்போட்டு ஒடனே வந்தர்றனுங்க."

"கூட்டம். பாசிட்டிவ் ஆயிட்டா கப்பல் போச்சு. உனக்குக் கப்பல் வேணுமா, வேணாமா?"

அவள் போகவில்லை. தங்கை கைக்கு வளையல் அடுக்குவதைப் போனில் பார்த்தாள். அந்தப் பாவம் சும்மா விடுமா என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. டெஸ்ட் இருவருக்கும் நெகட்டிவ் என்று வந்தது. அதைப் போனில் வைத்துக்கொண்டு, ஏதோ பரீட்சையில் தேறினவன்போல் தெருவெல்லாம் காட்டினேன்.

கிளம்பும்போது அம்மா ஒரு பெரிய பொட்டலத்தைக் கையில் திணித்தார். எங்கள் ஊரில் டாக்டரைப் பார்க்கப் போனாலும், வக்கீலைப் பார்க்கப் போனாலும் கையில் ஏலக்காய் இல்லாமல் போகிற வழக்கமில்லை.

"கேப்டனுக்குக் குடுடா. பாவம், பிள்ளகுட்டிய விட்டுட்டுக் கடல்ல கெடக்கான்."

நான் சிரிக்கவில்லை. நியாயமாகத்தான் பட்டது. நானே பொறுக்கி எடுத்த முதல் தரக் காய். பையில் மேலாக வைத்துக்கொண்டேன்.

துறைமுகத்தில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கப்பல். நான் கட்டப்பனையில் பார்த்த நாலு மாடிக் கட்டடத்தையெல்லாம் சேர்த்து அடுக்கினாலும் அந்த உயரம் வராது. கோகிலா பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள். ஏறினதும் மாற்றிக்கொள்ள வசதியாக மயில்கழுத்துப் பட்டு மேலாக இருந்தது.

"ஏனுங்க, நெசமாலுமே போறமுங்க" என்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் சிரித்தன.

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர்க்காரர் வாயைத் திறந்தார்.

"இந்த டெஸ்ட்டையெல்லாம் நம்பப்படாதுங்க தம்பி. எங்க மச்சானுக்கு நெகட்டிவ்னுதான் வந்துச்சு. ரெண்டாம் நாளு காப்பி வாசமே தெரியல. மறுக்கா எடுத்தா பாசிட்டிவ்."

சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். என் நிம்மதி போய்விட்டது. வாசனை போவதுதான் முதல் அறிகுறி என்று ஊரெல்லாம் பாடம் நடத்தினவனே நான்தான். மெல்லப் பொட்டலத்தைப் பிரித்தேன். முகக்கவசத்தை இறக்கி, மூக்கை உள்ளே விட்டு இழுத்தேன்.

ஒன்றும் இல்லை. வெறும் காற்று.

இரண்டு காயை நசுக்கி மறுபடி மோந்தேன். ஊஹூம். கோயம்புத்தூர்க்காரர் கண் விழித்து, "ஆஹா! யாருங்க பாயசம் வச்சிருக்கறது?" என்றார். முகக்கவசத்தைத் தாண்டி அவருக்கு வாசம் போகிறது! ஆக, காயில் குற்றமில்லை. மூக்கில்தான் குற்றம்.

"கோகிலா, எனக்கு வாசனை போயிருச்சு."

"எந்த வாசனைங்க?"

"ஏலக்கா வாசனை."

அவள் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்தாள். "அது உங்களுக்கு எப்பங்க இருந்துச்சு? கண்ணாலமாயி வந்த அன்னிக்கே கேட்டனுங்களே, ஊடெல்லாம் என்னுங்க இப்படிக் கமகமன்னு அடிக்குதுன்னு. நீங்க, என்ன வாசம்னு என்னையத் திருப்பிக் கேட்டீங்க. உங்க துணியெல்லாம் அந்த வாசந்தானுங்க. சும்மா அதைக் கட்டி உள்ள வைங்க."

புத்தியுள்ளவன் கட்டி உள்ளே வைத்திருப்பான். எனக்கோ உள்ளுக்குள் மஞ்சள் சட்டை எழுந்து நின்றுவிட்டது. கப்பல் நிறைய ஜனங்கள், குழந்தைகள், எல்லோரும் என்னால் மூச்சுத் திணறிக் கிடப்பதுபோலக் காட்சி. ஏலத்தோட்டத்தில் பிறந்தவனுக்கே ஏலக்காய் தெரியவில்லை என்றால் நோய் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

எங்கள் முறை வந்தது. பாதுகாப்பு உடையில் ஒரு நர்ஸம்மா.

"பனியுண்டோ? சுமயுண்டோ?" என்றார். காய்ச்சல், இருமல் உண்டா என்று அர்த்தம்.

"இல்லா" என்றேன். அவ்வளவுதான். அவர் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். வாசனையைப் பற்றி அந்த அம்மாள் கேட்கவே இல்லை. கேட்கவே இல்லை ஐயா!

"மேடம், ஒரு காரியம் பறயணும்" என்றேன். கோகிலா என் இடுப்பில் கிள்ளினாள். "எனிக்கு மணம் அறியுந்நில்லா."

முத்திரை அந்தரத்தில் நின்றது. "உறப்பாணோ?" என்றார். நிச்சயம்தானா என்று ஒரு சந்தர்ப்பம் தருகிறார், பாருங்கள்! நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"மேடம், நான் ஏலக்காய்க்காரன். எனக்கு ஏலக்காயே தெரியல."

முத்திரை குத்தாமலே மேசைக்குத் திரும்பியது. பின்னால் வரிசை கலைந்தது. முதலில் ஓடினவர் கோயம்புத்தூர்க்காரர்.

அறிகுறி இருப்பதாகச் சொன்னவருக்கு மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும், ரிசல்ட் வரும்வரை தனி அறை, கூட வந்தவருக்கும் அதேதான், கப்பல் காத்திருக்காது என்று விளக்கினார்கள். கோகிலா மேசையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், இவருக்கு ஊட்டுலயே தெரியாதுங்க! எப்பவுமே தெரியாதுங்க!" என்று கெஞ்சினாள்.

"அங்ஙன எல்லாவரும் பறயும் சேச்சி" என்றார் நர்ஸம்மா. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று. பாவம், அவர் மேல் தப்பில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பக்கத்துக் கட்டடத்தில் மாடி அறை. மறுபடி மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். கோகிலா பெட்டியைத் திறந்து, மேலே இருந்த பட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் நாட்டுக்குச் செய்த தியாகத்தைப் பற்றி ஏதோ உளறிக்கொண்டிருந்தேன். மதியம் யாரோ கதவுக்கு வெளியே சாப்பாட்டுப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனார்கள். கதவு சாத்தித்தான் இருந்தது.

"அட, மீன்கறி!" என்றேன் உற்சாகமாக. "கொடம்புளி போட்டிருக்கான்."

கோகிலா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. கதவைத் திறந்து கத்தினேன்.

"சேட்டா! மணம் கிட்டி! எனிக்கு மணம் கிட்டி!"

நடைக்கோடியிலிருந்து ஒரு தொண்டர் கையாட்டினார். "சந்தோஷம். ரிசல்ட் வரட்டே."

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். பாண்டி மாமாவிடம் நான் பேசின அதே குரல்.

சாயங்காலம் சங்கு ஊதியது. கோகிலா ஜன்னலுக்குப் போனாள். கப்பல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. மேல்தட்டில் ஜனங்கள் நின்று கரையைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

"ஏனுங்க, அது நம்ம கப்பலுங்களா?"

காலையில் கேட்காத இடத்தில் உண்மை பேசினவன், இப்போது கேட்கிற இடத்தில் பொய் சொன்னேன்.

"இல்ல கோகிலா. அது வேற கப்பல்."

கப்பலின் விலாவில் ஆள் உயர எழுத்தில் பெயர் எழுதியிருந்தது. அவள் எம்.ஏ. இங்கிலீஷ். கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரிங்க" என்றாள். திறந்து கிடந்த பெட்டியை மூடினாள். அதன்பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் வரவில்லை. நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்குத் தேவலாமாக இருந்திருக்கும். கட்டில் ஓரத்தில் அந்த மீன்கறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீ, என்ன மனுஷன் நான் என்று இருந்தது.

மறுநாள் ரிசல்ட் வந்தது. நெகட்டிவ். கேப்டனுடைய பொட்டலத்தை நர்ஸம்மாவுக்கே கொடுத்தோம். அவர் வாங்கின உடனே, "எந்தொரு மணம்!" என்றார், என்ன ஒரு வாசம் என்று. கோகிலா களுக்கென்று சிரித்துவிட்டாள். முதல் நாளிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் அம்மா தலையிலடித்துக்கொண்டார். "ஏண்டா, நம்ம வீட்ல எவனுக்குடா ஏலக்கா வாசன தெரிஞ்சிருக்கு? உங்கப்பனுக்குப் பாயசத்துல போட்டாலும் தெரியாது, போடாட்டியும் தெரியாது!" இதை ஏன் கிளம்பும்போது சொல்லவில்லை என்று கேட்டேன். "கேப்டனுக்குத்தானடா குடுத்தேன், உன்னையவா மோந்து பாக்கச் சொன்னேன்?" என்றார். கொச்சியிலிருந்து வந்தவன், டெஸ்ட் எடுத்தவன் என்று அன்றைக்கே என் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். புது மஞ்சள் சட்டையில் ஒட்ட வந்தவர் பாண்டி மாமா. பசையைக் கை நிறைய எடுத்து, ரசித்து ரசித்து ஒட்டினார்.

கப்பல்காரர்கள் வேறு தேதி தருகிறோம் என்றார்கள். அதற்குள் கோகிலா முழுகாமல் இருந்தாள். பிறகு குழந்தை, பிறகு தோட்டத்தில் காய்ப்பு, பிறகு ஏதேதோ. மயில்கழுத்துப் பட்டை மகளின் காதுகுத்துக்குக் கட்டினாள். எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கதையைக் கோகிலாவேதான் எல்லோருக்கும் சொல்வாள். கோபாலபுரத்திலும் சரி, சக்குபள்ளத்திலும் சரி, எந்த விசேஷத்திலும் யாராவது கேட்டுவிடுவார்கள். "மணம் கிட்டி" வரை என்னைப் போலவே பேசிக்காட்டுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதோடு நிறுத்திவிடுவாள். ஜன்னல் பக்கம் போனதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எங்களுக்கு பஸ் போய்விட்டாலும், நல்ல சேலை வேறு யாருக்கோ விற்றுப்போனாலும், "விடுங்க, அது வேற கப்பலுங்க" என்பாள். என்ன அர்த்தம் என்று தெரியாமலே இப்போது குடும்பமே அப்படிச் சொல்கிறது.

போன மாதம் துணிந்து கேட்டேன். "இப்ப டெஸ்ட்டு, க்வாரன்டைன் ஒண்ணும் கெடையாது கோகிலா. டிக்கெட் போடட்டுமா?"

மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் திரும்பக்கூட இல்லை.

"டெஸ்ட்டு இல்லீன்னா என்னுங்க? அதான் நீங்க இருக்கறீங்களே."