இக்கணத்தில் வசித்து வருகிறார்

மனிதகுலம் இதுவரை மூன்று முறைதான் விழித்துக்கொண்டிருக்கிறது. முதல் முறை, நெருப்பைக் கண்டபோது. இரண்டாம் முறை, சக்கரத்தைக் கண்டபோது. மூன்றாம் முறை, புதுச்சேரியில் சான்றிதழ்கள் வழங்கும் ஓர் அலுவலகத்தில், போன ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. அலுவலகம் என்னவோ எட்டே முக்காலுக்கே திறந்துவிடுகிறது. ஆனால் விழிப்பதற்கு ஆள் வந்து சேர வேண்டுமல்லவா?

விழித்தவர் பெயர் புருஷோத்தமன். வயது ஐம்பத்து மூன்று. இன்னார் இந்த ஊரில்தான் ஐந்து வருடமாகக் குடியிருக்கிறார் என்று கையெழுத்திட்டுச் சொல்லும் அதிகாரம் படைத்தவர். இதை லேசாக நினைத்துவிடக் கூடாது. கடலைத் தவிர எல்லாப் பக்கமும் தமிழ்நாடு புகுந்து புறப்படுகிற பிரதேசத்தில், ஒரே தெருவில் இந்த வாசல் நம்முடையது, எதிர்வாசல் அவர்களுடையது. இந்த வாசல்தான் என்று காகிதத்தில் காட்டாத பிள்ளைக்குக் கல்லூரியில் உள்ளூர் இடம் கிடையாது. அந்தக் காகிதத்தின் அடியில்தான் புருஷோத்தமன் இருந்தார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கொஞ்ச நாளாக நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காலம் அப்படி. எதிர்வாசல்காரர்கள் சிலர் உள்ளூர்ச் சான்றிதழ் வாங்கிவிட்டார்களாம், 'விசாரணை' வருமாம், கையெழுத்துப் போட்டவர்களை ஏனாமுக்குத் தூக்கியடிப்பார்களாம். ஏனாமும் புதுச்சேரி அரசைச் சேர்ந்த நல்ல ஊர்தான். ஆந்திராவுக்குள் இருக்கிறது என்பதைத் தவிர அதன்மேல் அவருக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. போதாததற்கு, அடுத்த வருடம் முதல் கையெழுத்தையே கம்ப்யூட்டர் போட்டுக்கொள்ளும் என்று ஒரு வதந்தி. புருஷோத்தமன் நிமிடத்துக்கு ஒருமுறை செல்போனை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் வராவிட்டால், ஏன் ஒன்றும் வரவில்லை என்று கவலைப்பட்டார்.

"பல்லு வெளக்கும்போதே ஏனாம் ஏனாம்னு முனகுறீங்க. எங்கியாவது போயி மனச சரி பண்ணிக்கினு வாங்க. இல்லாட்டி நானே கெளம்பி ஏனாம் போயிடறேன்" என்றார் மனைவி நிர்மலா.

போன இடம், கருவடிக்குப்பத்தில் பலராமன் வீட்டு மாடி. பலராமன் பிரெஞ்சு ராணுவத்தின் சமையற்கூடத்தில் பதினெட்டு வருடம் வெங்காயம் நறுக்கிவிட்டு, அந்நாட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். வெங்காயம் நறுக்கும்போது வெங்காயத்தை மட்டுமே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் போய்விடும் என்ற உண்மையிலிருந்து ஒரு முழுத் தத்துவத்தையே அவர் உருவாக்கியிருந்தார். அதற்கு 'நிகழ்கண விழிப்பு' என்று பெயர் வைத்து, பலகை மாட்டி, பாய் விரித்திருந்தார்.

முதல் பாடம் வேர்க்கடலை. ஆளுக்கு ஒன்றே ஒன்று.

"இன்னா பாக்கறீங்க முசியே?" என்றார் பலராமன்.

"வேர்க்கடல."

"அது பேரு. நான் பேரு கேக்கல. இன்னா பாக்கறீங்க?"

புருஷோத்தமன் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சொத்தையா இருக்கு சார்."

"வுவாலா, அதேதான்! இப்பதான் பாக்கறீங்க. இத்தினி வருஷமா பேரத்தான் தின்னுட்டு இருந்தீங்க. நேத்து செத்துப்போச்சு, நாளைக்கி இன்னும் பொறக்கல. கையில இருக்கற கடலைதான் நெஜம்."

சொத்தைக் கடலையைப் பன்னிரண்டு நிமிடம் மென்றபடி புருஷோத்தமன் கண் கலங்கினார். இருபத்தெட்டு வருட சர்வீஸில் 'கடந்த ஐந்து ஆண்டுகளாக' என்று எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பார்! இல்லாத ஒன்றைப் பற்றியல்லவா சான்றளித்துக்கொண்டிருந்திருக்கிறார்! கூடவே இன்னொரு ஞானமும் பிறந்தது. அதை அவர் பலராமனிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே கூட மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டார். நேற்று என்பதே இல்லையென்றால், நேற்றுப் போட்ட கையெழுத்தும் இல்லை. பிறகு விசாரணை எதன்மேல்? நெஞ்சு படபடப்பு அன்றைக்கே பாதி குறைந்துவிட்டது.

உண்மையான ஞானி தான் பெற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை, சுற்றறிக்கையாக அனுப்புகிறான். மேற்சொன்ன செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு அது எல்லா மேசைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மணிக்கொரு முறை மணி அடிக்கும். அடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூச்சைக் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மாலை நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை 'மௌன அமர்வு'. செல்போன்களைப் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுக் கதவை உள்தாழ்ப்பாள் போட வேண்டும். மேலும், அந்தந்தக் கணத்தில் உணர்ந்ததை அந்தந்தக் கணமே 'நிகழ்கணப் பதிவேட்டில்' பதிந்து ஒப்பமிட வேண்டும். பதிவேடு இல்லாத உணர்வை அரசாங்கம் உணர்வாக ஏற்பதில்லை.

பதிவேட்டுப் பொறுப்பு எழுத்தர் தனக்கொடியிடம் தரப்பட்டது. அந்த அம்மாள் அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். வேலையை நிலுவையில் வைத்துப் பழக்கமே இல்லாதவர். அடுத்த திங்கட்கிழமை காலையிலேயே பதிவேட்டை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

"இன்னாமா இது, வெள்ளிக்கிழம வரைக்கும் எழுதியிருக்கீங்க?"

"வாரக் கடைசில வேல ஜாஸ்தி சார். அதான் நிகழ்கணத்த முன்னாடியே முடிச்சிட்டேன்."

"புதன்கிழம மூணு மணிக்கு நான் இன்னா பண்றேன்?"

தனக்கொடி விரலை வைத்துப் பார்த்தார். "மேலதிகாரி, சன்னலோரக் காற்றை உணர்கிறார்."

"சன்னல்தான் தொறக்காதேம்மா. துருப்பிடிச்சிக் கெடக்கு."

"ஆடிட்டுக்கு அதெல்லாம் தெரியாது சார்."

புருஷோத்தமன் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தைக் கவனித்தார். கவனித்ததும் அது போய்விட்டது. கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரிசை வராந்தாவைத் தாண்டி வேப்பமரம் வரை போய்விட்டிருந்தது. கல்லூரிச் சேர்க்கைக் காலம். சர்வர் வேறு மூன்று நாளாக ஆழ்நிலைத் தியானத்தில் இருந்ததால், பழைய அச்சுப் படிவத்தில் கையால்தான் எழுதித் தர வேண்டியிருந்தது. மணி அடித்தால் வரிசையும் மூச்சைக் கவனிக்க வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள். அதுவும் மூச்சுதான் என்று புருஷோத்தமன் திருப்திப்பட்டார்.

வியாழக்கிழமை மாலை அந்த வரிசையின் முனைக்கு நபீசா வந்து சேர்ந்தார். முத்தியால்பேட்டையில் சிறிய தையல் கடை வைத்திருப்பவர். கூட வந்த மகள் லமீஸுக்கு நர்சிங் படிப்பில் உள்ளூர் ஒதுக்கீட்டில் இடம் வந்திருந்தது. அம்மாவின் குடியிருப்புச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. கிராம நிர்வாக அதிகாரி விசாரித்து 'ஆம்' என்று எழுதியாயிற்று. புருஷோத்தமன் கையெழுத்துப் போட்டால் போதும்.

"நாளைக்கிதான் சார் கடைசி நாளு. அஞ்சு மணிக்கு அட்மிஷன் கவுண்டர மூடிடுவாங்க" என்றார் நபீசா.

"நாளைக்கின்றது இன்னும் வரல இல்லமா?"

"வந்துரும் சார். எப்பவும் வந்துருதே."

"பதட்டப்படாதீங்க. மொதல்ல மூச்ச கவனிங்க."

"மூச்சு அதுபாட்டுக்கு வருது சார். சர்டிபிகேட்டுதான் வர்ல."

புருஷோத்தமன் கருணையோடு சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்தார். 'கடந்த ஐந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து வசித்து வருகிறார் எனச் சான்றளிக்கப்படுகிறது' என்ற வரியில் பேனா நின்றது. நெஞ்சு மறுபடியும் அடித்துக்கொண்டது. ஏனாம் கண்முன் வந்தது.

"அஞ்சு வருஷமா நீங்க இங்க இருக்கறத நான் பாத்தனாமா?"

"பத்தொம்போது வருஷமா இருக்கறேன் சார். போன பொங்கலுக்கு உங்க வீட்டம்மா ஜாக்கெட்டு தைக்கக் குடுத்தப்போ நீங்கதான வண்டில வந்து வாங்கிக்கினு போனீங்க?"

அது உண்மை. கடை வாசலில் நின்று அரைமணி நேரம் காத்திருந்ததும், இந்தப் பெண் லமீஸ் ஸ்டூல் கொண்டுவந்து போட்டதும் அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. அந்த நினைவைக் கவனித்தார். 'கடந்த காலம்' என்று அதற்குப் பெயரிட்டார். வரும் நினைப்புக்கு ஒரு பெயர் வைத்தால் அது போய்விடும் என்பது பலராமனின் இரண்டாம் பாடம். அதன்படியே அது மரியாதையாக நகர்ந்துகொண்டது.

பிறகு அடிக்கோலை வைத்து 'கடந்த ஐந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து' என்பதை நேராக அடித்தார். மேலே அழகான கையெழுத்தில் 'இக்கணத்தில்' என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். முத்திரை குத்தினார். எந்த விசாரணைக் கமிஷனும் தொட முடியாத சான்றிதழ். நபீசா இக்கணத்தில் வசித்து வருகிறார். அதை யார் மறுக்க முடியும்?

லமீஸ் வாங்கிப் படித்துப் பார்த்தாள். "சார், 'இக்கணத்தில்'னு இருக்கே. இது செல்லுமா?"

"இந்த ஆபீஸ்லேர்ந்து இத்தோட உண்மையான சர்டிபிகேட்டு போனதே இல்லமா" என்றார் புருஷோத்தமன். நியாயமாகச் சொன்னால், அதில் பொய் ஏதுமில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கதவைத் தாழிட்டார்கள். பிஸ்கட் டின் மூடப்பட்டது. பதினோரு ஊழியர்கள் கண் மூடினார்கள், அவர்களில் ஏழு பேர் உடனே தூங்கினார்கள். புருஷோத்தமன் தூங்கவில்லை. அவர் ஒவ்வொரு கணமாக, ஒன்றையும் நழுவவிடாமல் இருந்தார்.

நாலு பத்துக்குக் கதவு தட்டப்பட்டது. 'ஒலி' என்று அவர் மனதுக்குள் பெயரிட்டார். வருவது வரும், போவது போகும்.

ஒலி போகவில்லை. "சார், நபீசா சார்! கவுண்டர்ல ஒத்துக்க மாட்றாங்க சார். 'இக்கணத்தில்'னா இன்னா அர்த்தம், போயி மாத்தி எழுதி வாங்கிக்கினு வான்றாங்க. அஞ்சு மணி வரைக்கும்தான் சார்."

'ஒலி' என்றார் மறுபடியும். அது ஒலியில்லை, நபீசா என்று அவருக்குத் தெரியும். எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தூக்க ஏழு அடி நடக்க வேண்டும். புதுப் படிவம் மேல் இழுப்பறையில் இருக்கிறது. எழுதி முத்திரை குத்த நாலு நிமிடம் ஆகும். கவுண்டர் ஸ்கூட்டரில் பத்து நிமிடத் தூரம். இவ்வளவையும் அவர் அபாரமான தெளிவோடு கண்டார். கூடவே, எழுந்தால் 'கடந்த ஐந்து ஆண்டுகளாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதையும் கண்டார். ஏனாம் மறுபடியும் கண்முன் வந்தது. 'பயம்' என்று பெயரிட்டார். பெயர் மிகச் சரியாகப் பொருந்தியது.

"சார், நாலரை ஆயிடுச்சி சார்" என்றது லமீஸின் குரல். இழுத்துப் பிடித்த அழுகை அதில் தெரிந்தது. பக்கத்தில் தனக்கொடி ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். புருஷோத்தமன் இரண்டு கண்ணையும் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். விதியை எழுதியவரே விதியை மீறினால் ஊழியர்களுக்கு என்ன முன்மாதிரி?

நாலே முக்காலுக்கு மேல் ஒலி ஏதும் வரவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படியொரு பேரமைதியைக் கண்டதில்லை. ஐந்து மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்தபோது வராந்தாவில் யாரும் இல்லை. பெஞ்சின்மேல் அவர் எழுதிய சான்றிதழ் மட்டும் இருந்தது. காற்றில் பறந்துவிடாமலிருக்க அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். லமீஸின் இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டது. அதை யாரும் வந்து அவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நபீசா மறுபடியும் வந்தார், தனியாக. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்துப் புருஷோத்தமன் முதுகை நிமிர்த்தி மூச்சை இழுத்துக்கொண்டார். நபீசா சத்தம் போடவில்லை. ஒரு புது விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தார்.

"இன்னாமா இது?"

"அடுத்த வருஷத்துக்கு சார். இப்பவே குடுத்துட்டுப் போனா, அதுக்குள்ளயாவது சரியா எழுதி வாங்கிக்கலாம்னு பாத்தேன்."

"பொண்ணு?"

"கடைல ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கினு இருக்குது."

மன்னிச்சிருங்க என்ற சொல் அவர் தொண்டை வரை வந்தது. அவமானமாக இருந்தது, அதற்கு அவரால் வேறு எந்தப் பெயரும் வைக்க முடியவில்லை. ஆனால் வாயைத் திறந்தபோது, பழக்க தோஷத்தில், வேறொன்று வந்து விழுந்தது.

"அடுத்த வருஷத்த நெனச்சி இப்பவே எதுக்குமா மனசப் போட்டு அலட்டிக்கறீங்க? நடந்தத விடுங்க. நாங்க பண்ற மாதிரி நீங்களும் கொஞ்சம் இந்தக் கணத்துல இருந்து பழகுங்களேன்."

நபீசா விண்ணப்பத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"ஆசைதான் சார் எங்களுக்கும். நேத்து இன்னா பண்ணோம்னு நெனப்பு இல்லாம, நாளைக்கி இன்னா ஆவுமோன்னு பயம் இல்லாம, கண்ண மூடிக்கினு ஒக்காந்துக்கலாம்தான். ஆனா அதுக்கு கவர்மெண்டு வேல இல்ல வேணும்?"