சீனத்தார் காத்துல புடிச்ச கூறச்சீல

கல்முனக் கடல்காத்து ஆருக்கும் அடங்கினதில்ல, சீனத்தாருக்கு மட்டும்தான் அடங்கிச்சு. நம்பினா நம்புங்க.

சீனாவுல இரிந்து கப்பல்ல வந்தாரோ, புடவப் பொட்டணம் கட்டின அவர்ட சைக்கிளையே ஓட்டி வந்தாரோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். எங்கட ஊருலயே புடவக்கட போட்டு நிண்டுட்டாரு. பேரு ஒருத்தருக்கும் தெரியா.

கடைக்குள்ள வெச்சுச் சீல விக்கவே மாட்டாரு. "வாங்க ராத்தா, கடக்கரைக்கு" எண்டுவாரு. ஒரு முனைய நம்மட கையில தந்து, மத்த முனைய அவரு புடிப்பாரு. காத்து வந்து தூக்கும். பச்சச் சீல தண்ணிக்கு மேல இன்னொரு கடல் மாதிரி அலையடிக்கும். கண்ண மூடினா இப்பயும் தெரியிது. சீல சுருண்டிச்செண்டா, "இது உங்களுக்கில்ல" எண்டு மடிச்சிருவாரு. என்ட மாமி அழுது கேட்டும் அந்த மஞ்சச் சீலயக் குடுக்கல்லியே! மாமிட கதய விடுங்க, தொடங்கினா முடியாது.

எனக்குக் கலியாணம் வந்திச்சு. வாப்பா சிவத்தக் கூறச்சீல பாத்து வெச்சாரு. காத்தில்லண்டு சீனத்தார் தரல்ல. கலியாணத்தண்டுதான் காத்தெழும்பிச்சு, சீலயோட வந்தாரு.

வந்தா, பந்தலுக்குள்ள சண்ட! எங்கட ஊருல உம்மா வழியால ஆளுக்கொரு குடி இரிக்கி. குடிக்கொரு பெரியவர், மரைக்கார். வெத்தில வெச்ச வட்டாத் தட்ட மொதல்ல எந்த மரைக்காருக்கு நீட்டுற? எங்கட மரைக்கார் "எனக்கு" எண்டாரு. மாப்புள பக்கத்து மரைக்கார், "எனக்குத் தராட்டி மாப்புளயக் கூட்டிட்டுப் போறன்" எண்டாரு. மாப்புள பாதி எழும்பி, இரிக்கவா போகவா எண்டு முழிக்கிறாரு. வேலிக் கண்ணுக்குள்ளால பாத்த எனக்கு உசிரே இல்ல.

"மரைக்கார்மாரே, புள்ளட சீலய இன்னம் காத்துல பாக்கல்ல. கொஞ்சம் புடிங்க" எண்டாரு சீனத்தார். ரெண்டு பேரையும் பந்தலுக்குப் பின்னால கடக்கரைக்குக் கூட்டிப் போய் ஆளுக்கொரு முனையக் குடுத்தாரு. என்ட றப்பே, காத்தெண்டா காத்து! தொப்பி ரெண்டும் பறந்து போச்சு, சீல மட்டும் சுருளல்ல.

"இழுக்காத மச்சான்!"

"நான் எங்க இழுக்கிற? காத்து இழுக்குது!"

"உட்டிராத! கூறச்சீல கடலுக்குள்ள போயிரும்!"

"உட்டா என்ட குடி மானம் போயிரும், நீ உடாத!"

மணலுக்குள்ள கால் புதைய இழுபட்டு, கடைசியில ஒராள ஒராள் பாத்துச் சிரிச்சிட்டாங்க.

"ஓய் சீனத்தார், வந்து புடிங்க!"

"மொத வெத்தில ஆருக்கு?"

"உங்களுக்கு!" ரெண்டு பேரும் ஒரே குரல்ல.

"எனக்குக் குடியே இல்லியே?"

"அதாலதான்!"

அண்டைக்கிருந்து எங்கட கலியாணங்கள்ள மொத வெத்தில சீனத்தாருக்குத்தான். வேலிச் சண்ட, வாய்க்கால் சண்ட எல்லாம் அவர்ட கட வாசல்லதான் தீரும்.

அவரு போய்ச் சேந்து கனகாலம். நான் இப்பயும் அந்தச் சிவத்தச் சீலயக் கழுவினா கடக்கரையிலதான் காய வெக்கிற. ஒரு முனையத்தான் புடிக்கிறன். மத்த முனை கீழ விழுறதே இல்ல.