உலர்ந்த கைக்கு ஒரு வேலை

"கையைக் காட்டு," என்றான் கெவ்.

ரேலீன் காட்டினாள். இரண்டு உள்ளங்கையும் பளபளவென்று ஈரமாக இருந்தன.

"என்னடி இது, இப்பதான் மீன் கழுவின மாதிரி?"

"பதற்றம்னு நினைக்காத. வெயில்."

வெயிலும் உண்மைதான். வாரிங்கா கவுன்சில் அலுவலக வாசலில், வண்டிக்குள்ளே முப்பத்தொன்பது டிகிரி. ஆனால் அதே வண்டியில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்த அவள் புருஷன் கெவ்வுக்கு ஒரு சொட்டு வியர்க்கவில்லை. ரேலீன் கறுப்புக் கம்பளிக் கோட்டு போட்டிருந்தாள். 'விதி மூன்று: நேர்காணலுக்குக் கோட்டு அணிக. காலநிலை ஒரு சாக்கு அல்ல.'

அந்த விதியை எழுதியவளும் அவள்தான். வேலையில்லாதவர்களுக்கு நேர்காணல் நடத்தை சொல்லிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பதினொரு வருடம் பாடம் எடுத்தவள். எப்படி உட்கார வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும், எத்தனை பல் தெரியலாம் என்பது வரை முப்பது விதிகளைத் தொகுத்து ஒரு கையேடே போட்டிருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அரசாங்கம் அந்த வேலையை வேறொரு நிறுவனத்துக்குத் தூக்கிக் கொடுத்தது. ரேலீன் அங்கே போய், வேலை தேடுபவளாகப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டியதாயிற்று. மீசை முளைக்காத ஓர் அதிகாரி அவளிடம் கையேடு ஒன்றை நீட்டி, "உங்க வயசுக்காரங்களுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும், படிச்சுப் பாருங்க," என்றான். அவள் எழுதிய அதே கையேடு. அட்டையில் அவள் பெயரை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

பதினான்கு இடங்களுக்கு விண்ணப்பித்ததில் கூப்பிட்டது இந்தக் கவுன்சில் மட்டும்தான். முன்மேசை எழுத்தர் வேலை. நாய்க்கு லைசென்ஸ் கொடுப்பது, குப்பைத்தொட்டி புகாரைக் கேட்டுக்கொள்வது.

"விதி ஏழு," என்று முனகினாள் ரேலீன். "ஈரக் கையோட கை குலுக்கினா, குலுக்கின நிமிஷமே வேலை போச்சு."

கெவ் முன்பெட்டியைக் குடைந்து ஒரு டப்பாவை எடுத்தான். "இந்தா. என் கால்விரல் இடுக்குல போடுற பவுடர். பொட்டு ஈரம் நிக்காது."

"கால் பவுடரையா கையில போடச் சொல்ற?"

"கைக்குத் தெரியவா போகுது?"

தட்டிக்கொண்டாள். மந்திரம் போட்டது மாதிரி கை உலர்ந்தது. கூடவே கற்பூரமும் புதினாவும் கலந்த ஒரு நெடி வண்டியை நிறைத்தது. ரேலீன் டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாக இறங்கி, கோட்டை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டாள். வயிற்றுக்கு மேலே ஐந்து விரலும் வெள்ளை வெளேரென்று பதிந்தன.

"தட்டாத, தட்டாத!" என்று கத்தினான் கெவ்.

அதற்குள் தட்டிவிட்டாள். இப்போது கோட்டில் இரண்டு கை.

உள்ளே போனதும் கழிப்பறையைத் தேடி ஓடிக் கையைக் கழுவினாள். ஈரத்தைக் குடிப்பதற்கென்றே செய்த பவுடர் அது. தண்ணீர் பட்டதும் பசையாகிவிட்டது. காகிதத்தால் துடைத்தாள். காகிதம் துண்டு துண்டாக விரல்களில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுத்து, பிசுபிசுப்பு போக மறுபடியும் பவுடரைக் கொட்டிக்கொண்டாள். வெளியே வந்தபோது கை மாவில் புரட்டிப் பொரிக்கத் தயாராக வைத்த மீன் மாதிரி இருந்தது.

காத்திருக்கும் கூடத்தில் அவளுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். ரப்பர் செருப்பு. காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் போட்டுக்கொண்டு, சாஸ் ஒழுக ஒழுக இறைச்சிப் பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

"ஹாய், நான் டெய்லா. அந்த நாற்காலி ஆடும் ஆன்ட்டி, இதுல உக்காருங்க."

"நீயும் நேர்காணலுக்கா வந்திருக்க?"

"ஆமா."

ரேலீனால் தாங்க முடியவில்லை. பதினொரு வருடப் பழக்கம் சும்மா விடுமா? "தப்பா நினைச்சுக்காதம்மா. செருப்போட வரக் கூடாது. இங்க உக்காந்து தின்னக் கூடாது. கால மொதல்ல கீழ போடு. கதவு திறந்தா முதல்ல கண்ணுல படுறது உன் கால்தான்."

டெய்லா மரியாதையாகக் காலைக் கீழே இறக்கினாள். "சரி ஆன்ட்டி. உங்க கையில என்ன, சொறியா?"

"பவுடர்."

"ஓ."

டெய்லாவை உள்ளே கூப்பிட்டார்கள். கதவுக்குப் பின்னால் பெரிய சிரிப்புச் சத்தம். மூன்றே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள்.

"அதுக்குள்ளயா? என்ன கேட்டாங்க?"

"ஞாயித்துக்கிழமை மீன் ஏதாவது மாட்டுச்சான்னு கேட்டாங்க."

பாவம், மூன்று நிமிடத்திலேயே துரத்திவிட்டார்கள் என்று ரேலீனுக்கு இரக்கமாக இருந்தது. இரக்கத்தோடு இரக்கமாகக் கொஞ்சம் சந்தோஷமும்.

உள்ளே இரண்டு பேர். ஒருத்தி கவுன்சிலர் பெவ் ஸ்கல்லி. ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. இன்னொருவனைப் பார்த்ததும் ரேலீனின் முகம் மலர்ந்தது. டேரன்! இறைச்சி ஆலையில் வேலை போய், டை கட்டக்கூடத் தெரியாமல் அவளிடம் படிக்க வந்த அதே டேரன். இப்போது கவுன்சிலின் பணியாளர் பிரிவுக்கே தலைவன்.

"மிஸ்," என்று பாதி எழுந்தான் டேரன். உடனே பார்வையை மேசைக்கு இறக்கிக்கொண்டான்.

ரேலீன் விதிப்படி உறுதியாகப் பெவ்வின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். புஸ்ஸென்று ஒரு வெள்ளைப் புகை எழுந்தது. பெவ் தன் கையைப் பார்த்தாள். பிறகு தும்மினாள். மறுபடி தும்மினாள்.

'விதி பத்தொன்பது: பேட்டி காண்பவர் தும்மினாலும் ஏப்பம் விட்டாலும், எதுவும் நடக்காததுபோல் இருக்கவும்.' பெவ் ஏழு தடவை தும்மி, கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வடிய உட்கார்ந்திருக்க, ரேலீன் எட்டுப் பல் தெரியும்படி புன்னகைத்தபடியே இருந்தாள்.

"இந்தம்மா என்ன என்னைப் பார்த்துச் சிரிக்குது?" என்றாள் பெவ்.

"தண்ணி குடிங்க பெவ்," என்றான் டேரன்.

ரேலீன் முந்திக்கொண்டு மேசையிலிருந்த கண்ணாடித் தண்ணீர் ஜாடியைத் தூக்கினாள். பவுடர் கையில் கண்ணாடி நிற்குமா? வழுக்கிக்கொண்டு போய் மேசையில் கவிழ்ந்தது. பதறி, பெவ்வின் முன்னாலிருந்த காகிதத்தைக் காப்பாற்றி உதறினாள். பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் புதிர் அது. காகிதம் வேறு எதுவுமே இல்லை. தன்னைப் பற்றி ஒரு வரி குறித்துக்கொள்ளக்கூட இவர்களுக்குத் தோன்றவில்லை என்று ரேலீனுக்குச் சுருக்கென்றது.

"கேள்வி கேட்டுடலாம்," என்று அவசரப்பட்டான் டேரன். மேசையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான். "உங்ககிட்ட இருக்குற பெரிய பலவீனம் என்ன?"

இதற்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவளிடம் பதில் உண்டு. "வேலைன்னு உக்காந்துட்டா நேரம் போறதே எனக்குத் தெரியாது. எதையும் நூறு சதவீதம் சரியா செய்யணும்னு..."

டேரனின் உதடுகளும் கூடவே அசைந்தன. அவன் அதைக் கவனிக்கவில்லை. பெவ் கவனித்தாள்.

"என்ன டேரன், சர்ச்சுல ஜெபம் சொல்ற மாதிரி நீயும் சேர்ந்து சொல்ற?"

டேரனின் காது சிவந்தது. தலை இன்னும் கீழே போயிற்று. ரேலீனுக்குள்ளிருந்த ஆசிரியை சட்டென்று வெளியே குதித்தாள். "டேரன்! ஆளோட கண்ணைப் பார்த்துப் பேசணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. 'விதி ஒன்று: பேட்டி காண்பவரை ஒருபோதும் திருத்தாதே.'

"ஐயோ, மன்னிச்சுக்கப்பா," என்று எட்டி அவன் தோளைத் தட்டினாள். நீலச் சட்டையில் பளிச்சென்று ஐந்து விரல். அதைத் துடைக்கப் போனாள். ஈரத்தில் பவுடர் குழைந்து மார்பு வரைக்கும் வழிந்தது. பெவ் மறுபடி தும்ம ஆரம்பித்தாள்.

ரேலீன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முப்பது விதியில் ஒன்றுகூட இந்த இடத்துக்கு இல்லை.

"உண்மையைச் சொல்லிடறேன்," என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. அம்பத்தாறு வயசாச்சு. ஊர்ல பாதிப் பேருக்கு, பயப்படாம எப்படிப் போய் உக்காரணும்னு சொல்லிக்கொடுத்தேன். எனக்குத்தான் உக்காரத் தெரியல. ஆனா குப்பைத்தொட்டிக்குச் சண்டை போட வர்றவனைச் சமாதானப்படுத்தி அனுப்ப என்னால முடியும். அது எனக்குத் தெரியும்."

பெவ் மூக்கைச் சிந்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டேரன் முதல் தடவையாக நிமிர்ந்து ரேலீனைப் பார்த்தான். அவன் முகம் வயிற்றுவலிக்காரன் முகம் மாதிரி இருந்தது.

"மிஸ், நீங்க இன்னிக்கு ஒரு தப்பும் பண்ணல," என்றான். "சத்தியமா. நீங்க எப்படிப் பண்ணியிருந்தாலும்... சரி மிஸ், போயிட்டு வாங்க. வெயில்ல நிக்காதீங்க."

அதை அவன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள். தன்னிடம் படித்தவன் வேறு எப்படி இருப்பான்? அங்கேயே கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டாள். கண்ணுக்குள் பவுடர் போனது.

ஒற்றைக் கண்ணால் வழி பார்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். டெய்லா இன்னும் அங்கேதான் இருந்தாள். ஓடிவந்து கைத்தாங்கலாகப் பிடித்து உட்கார வைத்து, எங்கிருந்தோ ஈரத்துணி கொண்டுவந்து கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"எப்படிப் போச்சு ஆன்ட்டி?"

"கேக்காத. அந்தம்மா குறுக்கெழுத்து போட்டுட்டு இருக்கு. ஜாடியைக் கவிழ்த்தேன். டேரன் சட்டையை நாசம் பண்ணிட்டேன்."

"அவர்கிட்ட அஞ்சாறு சட்டை இருக்கு, விடுங்க."

நல்ல பெண். செருப்புதான் சரியில்லை. ரேலீனுக்கு அவளைக் கண்டு மனசு இளகியது. தனக்குத்தான் விடிவில்லை, இதையாவது கரையேற்றிவிடலாம் என்று தோன்றியது.

"கேளும்மா. மூணு நிமிஷத்துல வெளிய அனுப்பிட்டாங்களேன்னு மனசு விட்டுடாத. சனிக்கிழமை என் வீட்டுக்கு வா. எப்படிப் பேசணும், எப்படி உடுத்தணும், எல்லாம் சொல்லித்தரேன். அடுத்த நேர்காணல்ல நிச்சயம் உனக்கு வேலை கிடைக்கும்."

டெய்லா ஈரத்துணியைப் பிழிந்தாள். பிறகு சங்கடமாகச் சொன்னாள்:

"எனக்கு எதுக்கு ஆன்ட்டி, நான் இந்த வேலையில சேர்ந்து மூணு வாரமாச்சு, வேற ஒருத்தரையாவது கூப்பிட்டுப் பார்த்தோம்னு ஃபைல்ல இருக்கணுமாம், உங்களுக்கு லெட்டர் அடிச்சதே நான்தான்."