ஏழு வரை ஒட்டி எழுதிய எண்

ஒரு காட்டில், காலை பத்தரை மணிக்கு, ஒன்பது விலங்குகள் பொன்னுரங்கம் என்ற முயலின் உயிருக்காக வரிசையில் நின்றன. படிவம் கொடுத்தவன் நரியாகிய நான். நான்கு வரை தடுமாறாமல் எண்ணுவேன் என்பதால் என்னைப் பகா எண் குழுவின் தலைவனாக்கியிருந்தார்கள்.

பக்கத்துக் காட்டுப் புலி, 82 முதல் 1 வரை இறங்குவரிசையில் எண்களை ஒட்டி எழுதி ஒரு பகா எண்ணைப் பிடித்துவிட்டதாம். எங்கள் சிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. கணக்கு தெரிந்த முயலைக் கூப்பிட்டது.

"ஒன்றிலிருந்து ஏறுவரிசையில் ஒட்டி எனக்கொன்று வேண்டும். உச்சிப் பொழுதுக்குள் வராவிட்டால் மதியச் சாப்பாடு நீதான்."

12 வகுபட்டு விழுந்தது, 123 விழுந்தது. முயல் 1234567இல் வந்து நின்றது. அதைச் சோதிக்கத்தான் வரிசை. எங்கள் காட்டில் அவரவர் கால் எண்ணிக்கையால் வகுப்பதே வழக்கம்.

எருமை நான்கால் வகுத்தது, மீதி மூன்று. எறும்பு ஆறால், மீதி ஒன்று. சிலந்திக்கு மீதி ஏழு. கொக்கு ஒற்றைக்காலில் நின்றபடி வகுத்துவிட்டு, "மீதியே இல்லையே!" என்றது.

"அந்தக் காலையும் கீழ வைங்கக்கா!" என்று முயல் அலறியது. மீதி ஒன்று வந்தது.

கடைசியில் மரவட்டை. கால்கள் 128, வரிசையில் எருமை மிதித்து ஒரு கால் துண்டானதில் 127. படிவத்தில் கால் எண்ணிக்கைக்கு ஒரே ஓர் இலக்கம் எழுதும் கட்டம்தான்.

"இதுல எப்படிங்க எழுதுறது?"

"ஒன்பது காலுக்கு மேல உள்ளவங்க நாளைக்கு வாங்க" என்றேன்.

பகா எண்தான் என்று கையெழுத்துப் போட்டேன்; முரசு அடித்தது. சிங்கத்தின் கழுத்தில் மாலை ஏறும் நேரத்தில், வெயிலில் நின்று தன்பாட்டுக்கு வகுத்துக்கொண்டிருந்த மரவட்டை கூவியது: "என் 127 காலால வகுத்தா 9721. மீதி இல்லீங்க!"

சிங்கம் முயலைப் பார்த்தது. பிறகு, கையெழுத்துப் போட்டிருந்த என்னைப் பார்த்தது. "உனக்கு எத்தனை கால்?" என்று மரவட்டையைக் கேட்டது.

முயலின் காதுகள் நடுங்குவதை மரவட்டை பார்த்தது. மிதிபட்ட இடம் தெரியாதபடி சுருண்டுகொண்டது.

"நூத்தியிருபத்தெட்டுங்க மகாராஜா. நான்தான் ஒண்ணை விட்டுட்டு வகுத்துட்டேன்."

"சொந்தக் கால் கணக்கில் வகுக்காதது செல்லாது" என்றது சிங்கம், நிம்மதியாக. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. முதலில் கைதட்டியது நான்.

ஆவணி 14ஆம் தேதி, கால் கணக்கில் கவனக்குறைவு என்று மரவட்டைக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. எழுதியதும் நான்.

நீதி: வகுக்கத் தெரிந்தவனுக்கு இரக்கமும் இருந்தால், எந்த எண்ணும் பகா எண்தான்.