அடுத்த மாதம் போன் வாங்குகிறவர்

போன் கடையின் கண்ணாடி மேஜைக்கு முன்னால், வலது கையில் ஒரு போன், இடது கையில் ஒரு போன், கண்களை லேசாக மூடிக்கொண்டு எது கனம் என்று நிதானமாக நிறுத்துப் பார்க்கும் ஒருவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். வாங்க வந்தவர் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அவர் அலச வந்தவர். அலசல்காரர் என்னும் இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு; அலுவலகத்துக்கு ஒருவர், குடும்பத்துக்கு ஒருவர் என்று சொன்னாலும் மிகையில்லை. உலகத்துப் போன்களைப் பற்றியெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் கையில் இருக்கும் போனை மட்டும் பார்க்க முடியாது.

எனக்குத் தெரிந்த அலசல்காரர் கட்டட வரைபடம் போடுகிறவர். அவர் போனின் திரையில் மேல் பாதி கறுத்துப்போய்ப் பத்து மாதம் ஆகிறது. வீடியோவில் யார் வந்தாலும் கழுத்துக்குக் கீழேதான் தெரிவார்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் படமும் கூடவே திரும்பிக்கொள்ளும். மனைவியிடம் இருப்பதோ பட்டன் போன். ஆக, வெளியூரில் பிள்ளைத்தாச்சியாக இருக்கும் மகளை இருவரும் இந்தப் போனில்தான் பார்த்துவந்தார்கள். வயிறு வளர்வதைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

“பேத்தியோ பேரனோ, பொறந்ததும் மொகத்தப் பாக்கணும். அதுக்குள்ள வாங்கிருங்க, சொல்லிட்டேன்.”

“இன்னும் நாள் இருக்கே. அவசரப்பட்டா ஏமாந்துருவோம்.”

நாள் இருந்தது. அவர் நோட்டுப் புத்தகத்தில் பதினேழு கட்டம் போட்டார். தொழில் சுத்தம், ஒரு கோடு கோணவில்லை. பேட்டரிக்கு ஒரு கட்டம், கேமராவுக்கு மூன்று, கீழே விழுந்தால் தாங்குமா என்பதற்கு ஒன்று, பின்பக்கம் வழுக்குமா என்பதற்கு ஒன்று. ஒருவழியாகக் கட்டங்கள் நிறையும் நேரத்தில் எங்கேயோ ஒரு கம்பெனி புது மாடல் அறிவிக்கும். ஏன் அறிவிக்கிறார்கள்? இவருக்காகத்தான். முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவார். கடையில் விற்பனைப் பெண் இவர் தலையைக் கண்டதும் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் மாட்டிக்கொண்டாள்.

“சார், போன வாரமே இதுதான்னு முடிவு பண்ணீங்களே?”

“அது போன வாரம்மா. ஆமா, இதுல ஏதோ குறை இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருக்காரே?”

“யாரு சார்?”

“தெரியாது. ஆனா ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருக்காரு.”

முகம் தெரியாத அந்த ஒருவரின் வருத்தம் போதும். ஆயிரம் பேர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாலும் அலசல்காரர் அந்த ஒருவரோடுதான் உட்கார்ந்து அழுவார்.

இத்தனைக்கும் அவரிடம் யோசனை கேட்டு அலுவலகத்தில் ஒன்பது பேர் போன் வாங்கிவிட்டார்கள். கேட்காமல் வாங்கியவர் ஒரே ஒருவர்: கீழ்வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் அம்மா. பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“எதைப் பாத்து வாங்குனீங்க?” என்றார் இவர், நாடி பிடிக்கும் வைத்தியர் குரலில்.

“நெறம் சார். என்னோட பச்ச நூல்கண்டு மாதிரியே இருந்துச்சு.”

இவர் அரைமணி நேரம் அனுதாபம் தெரிவித்துவிட்டு மாடியேறினார்.

போனோடு முடிந்ததா? எந்தக் கம்பெனி இணைப்பு, எந்தத் திட்டம் என்று இன்னொரு நோட்டு இருக்கிறதே! மாதத் திட்டமா, மூன்று மாதத் திட்டமா, இருபத்தெட்டு நாளை ஒரு மாதம் என்று சொல்ல இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்றெல்லாம் ஆராய்ந்துவிட்டு, மூன்று கம்பெனி சிம்களை உறவினர்களிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கி, ஒவ்வொன்றாகப் போனில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். அலமாரி மேல் ஏறினார். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார். இப்போதிருக்கும் கம்பெனிக்குச் சமையலறையில் இரண்டு கோடு, வாசலில் மூன்று, குளியலறையில் நான்கு என்று வீட்டுக்கே சிக்னல் வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டினார்.

“கொழந்தையப் பாக்க நான் குளியலறைக்கா போகணும்?” என்றார் மனைவி.

அதனால் கம்பெனியை மாற்ற முடிவெடுத்தார். நம்பர் அதே நம்பர், கம்பெனி மட்டும் புதுசு. டாக்டர் சொன்ன தேதி வெள்ளிக்கிழமை. புதன்கிழமை இணைப்பு மாறிவிடும், வியாழக்கிழமை போன், வெள்ளிக்கிழமை குழந்தை. கட்டம் போட்டு எழுதிவைத்தார்.

குழந்தை அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானமே பிறந்துவிட்டது.

அந்த நேரத்தில் இவருடைய நம்பரைப் பழைய கம்பெனி கைவிட்டிருந்தது. புதிய கம்பெனி இன்னும் பிடித்துக்கொள்ளவில்லை. இவரோ கடையில், வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. மனைவியின் பட்டன் போனில் மருமகன் கூப்பிட்டார்.

“அத்தை, பொண்ணு பொறந்திருக்கா! மாமா போனு போகவே மாட்டேங்குது. சீக்கிரம் வீடியோவுல வாங்க, கொழந்தைய உள்ள கொண்டுபோகப் போறாங்க.”

மனைவி கீழ்வீட்டுக்குப் படியிறங்கிய வேகத்தை எந்தக் கட்டத்திலும் அடக்க முடியாது.

அலசல்காரர் வீடு திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. கீழ்வீட்டில் மனைவியின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தார். வெட்டிய துணிகளுக்கு நடுவே, நூல்பெட்டியில் சாய்த்துவைத்த பச்சைப் போனில், தலைமுதல் கால்வரை முழுசாக ஒரு குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அருகில் மகளின் முகம். பத்து மாதத்துக்குப் பிறகு முகம்!

“வாங்க வாங்க, இங்க பாருங்க. மூக்கு அப்படியே ஒங்களோடது” என்று மனைவி அழுதுகொண்டே சிரித்தார்.

அவர் குனிந்தார். கண் கலங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டார். என்னதான் இருந்தாலும் தாத்தா அல்லவா? வாயைத் திறந்தார்.

“படம் நடுங்கவே இல்லையே. இது எந்த நெட்வொர்க்கு?”

“தெரியல சார். கடையில போட்டுக் குடுத்தாங்க” என்றார் தையல் அம்மா.

“தெரியலையா!” என்று அவர் அதிர்ந்த நேரத்தில் குழந்தையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் காலை மனைவி தையல் அம்மாவோடு கிளம்பிப் போனார். அதே மாடல், அதே பச்சை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடையில் அந்த விற்பனைப் பெண் எழுந்து நின்று கும்பிட்டாளாம்.

“அவசரப்பட்டுட்டியே” என்று தலையில் கைவைத்துக்கொண்டார் இவர். “அடுத்த மாசம் புதுசு ஒண்ணு வருது.”

“அடுத்த மாசம் அவ சிரிக்க ஆரம்பிச்சுருவா. அத நான் பாக்கணும்.”

பதினேழு கட்டம் போட்ட நோட்டை அவர் மூடிவைத்தார். ஆனால் அவர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இப்போது குழந்தைக்குத் தொட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது நடக்கத் தொடங்குவதற்குள் முடிவு தெரியும் என்கிறார்கள்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். பாவம் அந்த மனுஷன் என்று சிரித்துக்கொண்டே இதுவரை வந்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பச்சைப் போன் என்ன மாடல் என்று நான் சொல்லவே இல்லை. அது எதுவாக இருக்கும் என்று எந்த இடத்தில் யோசித்தீர்கள்? குழந்தை கொட்டாவி விட்டபோதா?