டாங்ராவில் ஒரு விரதம்

டாக்ஸி காளிகாட்டுக் கோயிலுக்கு நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டில் அலகா, தனக்கும் கணவனுக்கும் நடுவில் கைப்பையைச் சுவர்போல நிறுத்திவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"வரிசையை நீயும்தானே பார்த்தே?" என்றான் பீரேன். "அமாவாசைக் கூட்டம். மத்தியானத்துக்கு மேல குறைஞ்சிடும். அதுக்குள்ள நான் ஒரு வாய் சாப்பிட்டுடறேன். திரும்பிப் போனா நேரா சன்னிதிதான்."

"ஒரு வாய் சாப்பிட டாங்ராவுக்கா போகணும்? கோயில் வாசல்லயே கச்சோரி சுட்டுப் போடறானே."

"கச்சோரி நம்ம பாலூர்காட்லயும் கிடைக்கும். ரெண்டு நாள் கல்கத்தாவுல இருந்துட்டு, சீனாக்காரங்க கையால சில்லி சிக்கன் சாப்பிடாம போனா ஆபீஸ்ல ஒருத்தன் மதிக்க மாட்டான்."

"கூடப்பிறந்தவன் ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். உங்களுக்கு ஆபீஸ்ல மதிக்கணும்."

அவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அல்ல. அலகாவின் ஒரே தம்பி மானஸுக்கு மறுநாள் காலை கண் அறுவை சிகிச்சை. கடிகாரம் பழுது பார்க்கிறவன். ஒரு கண் போன வருடமே மங்கிவிட்டது. பிழைப்பு மிச்சமிருந்த இன்னொன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதற்கும் ஆபத்து வந்திருந்தது. அமாவாசையன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, சூரியன் சாய்வதற்குள் காளியின் பிரசாதத்தை உண்டுதான் விரதம் முடிப்பேன் என்று அலகா வேண்டிக்கொண்டிருந்தாள். எந்தக் கோயில் காளி என்று சொல்லவில்லை. கல்கத்தாவில் காளிக்கு என்ன குறைச்சல்?

அவளோடு சேர்ந்து விரதம் இருக்கும்படி பீரேனையும் கேட்டிருந்தாள். "என் பங்குக்கும் சேர்த்து நீயே இருந்துடு," என்று அவன் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டான்.

சீனர்கள் குடியிருக்கும் பேட்டையான டாங்ராவில் இறங்கியதும் பீரேன் முதல் காரியமாக டாக்ஸியை அனுப்பிவிட்டான். அவன் மனத்தில் பல மாதங்களாகக் குடியிருந்த ஓட்டலின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது.

"இன்னிக்குப் பூரா கல்யாணப் பார்ட்டி தாதா," என்றான் காவலாளி. "வெளி ஆளுங்களுக்கு நாளைக்குத்தான்."

"பார்த்தீங்களா?" என்றாள் அலகா. "அம்மாவே கதவைச் சாத்திட்டா. வாங்க, கிளம்பலாம்."

"அம்மாவுக்கும் இந்த ஓட்டலுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு கட்டடம் தள்ளி இன்னொண்ணு இருக்கு."

இன்னொன்று இருந்தது. திறந்தும் இருந்தது. பூண்டும் மிளகாயும் எண்ணெயில் பொரியும் வாசனை தெருவரைக்கும் வந்து வரவேற்றது. அலகா உள்ளே வர மறுத்து வாசலில் நின்றாள். இரக்கப்பட்ட பரிசாரகன் ஒருவன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். பிறகு ஒரு கிண்ணத்தில் சூப் கொண்டுவந்தான்.

"ஒரு வாய் குடிங்க அண்ணி. முகம் வாடிக் கிடக்கு."

"முகம் பசியால வாடலை. உள்ளே உட்கார்ந்திருக்காரே ஒருத்தர், அவரால வாடுது. எடுத்துட்டுப் போப்பா."

அவன் கிண்ணத்தோடு உள்ளே போன சற்று நேரத்தில் பீரேன் வெளியே தலையை நீட்டினான். "கேஸ் தீர்ந்துடுச்சாம். சிலிண்டர் வந்துக்கிட்டே இருக்கு."

"வரட்டும். நாம போவோம்."

"ஆர்டர் கொடுத்துட்டேனே. சொன்ன வார்த்தையை மீறலாமா?"

"எனக்குச் சொன்ன வார்த்தை என்ன ஆச்சு?"

பீரேன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். சிலிண்டர் வந்தபோது வெயில் எதிர்ச்சாரி மதிலின் மேல்பாதிக்கு ஏறியிருந்தது. சிலிண்டர் வந்துவிட்டது, கோழி தீர்ந்துவிட்டது. நண்டு வேண்டுமானால் இருக்கிறது என்றார்கள். நண்டு சாப்பிட்டால் பீரேனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். அவன் யோசிக்க ஆரம்பித்ததைப் பார்த்த அலகா உள்ளே போய்ச் சட்டைக் கையைப் பிடித்து அவனை எழுப்பி நடத்தி வெளியே கொண்டுவந்தாள். விரதத்தையும் மீறி ஓட்டலுக்குள் கால் வைக்கவைத்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

தெருவில் ஒரு டாக்ஸியும் இல்லை.

"முக்குல ஊர்வலம் போகுது," என்றார் சிகரெட் கடைக்காரர். "பெரிய ரோடு பூரா அடைச்சுக் கிடக்கு. காளிகாட்டா? விளக்கு வச்சப்புறம் போய்ச் சேரலாம்."

அலகா பீரேன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? விளக்கு வச்சப்புறமாம். நாளைக்குக் காலையில அவன் கண்ணுல கத்தி வைக்கும்போது அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அக்கா எனக்காக விரதம் இருக்கான்னு வார்டு முழுக்கச் சொல்லி வச்சிருக்கான்."

"வேற காளி கோயில் பக்கத்துலயே இருக்கும். தேடுவோம்."

"இந்தச் சீனாக்காரங்க பேட்டையிலயா? இங்க காளி எங்கேயிருந்து வருவா?"

"அப்ப குறுக்கு வழியா அடுத்த ரோட்டுக்குப் போயிடலாம். அங்க வண்டி கிடைக்கும். எனக்குத் திசை நல்லாத் தெரியும்."

திசை தெரிந்தவன் அவளை மூடிக்கிடந்த தோல் தொழிற்சாலைகளின் மதில்களுக்கு இடையே இடதும் வலதுமாக நடத்தினான். கடைசிச் சந்து ஒரு முற்றத்தில் போய் முட்டியது. தகரக் கூரையின் கீழே பெரிய வாணலி. வாணலி நிறைய நூடுல்ஸ். ரிக்‌ஷாக்காரர்கள், பள்ளி முடிந்த குழந்தைகளோடு தாய்மார்கள், சீனப் பெரியவர்கள் என்று ஒரு கூட்டம் பெஞ்சுகளில் நெருக்கிக்கொண்டு இலைத் தொன்னைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பீரேன் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தே அலகா புரிந்துகொண்டாள்.

"வேண்டாங்க. நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"நடந்தது களைப்பா இருக்கு. நீயும் கொஞ்சம் உட்காரு. அதுக்குள்ள இங்க யாரையாவது வழி கேக்கறேன்."

வழி கேட்கப் போனவன் தொன்னையோடு திரும்பி வந்தான். ஒரு வாய் சாப்பிட்டான். நெற்றி சுருங்கியது.

"பூண்டு வாசனையே காணோம். முட்டை இல்லை. கோழி கேட்டா எல்லாரும் சிரிக்கறாங்க. எல்லாருக்கும் இதே ஒண்ணுதானாம். சீனாக்காரங்க சமையல்னு என்னமா பேர் வாங்கி வச்சிருக்காங்க, இவங்க இப்படிக் கெடுக்கறாங்களே."

சொல்லிவிட்டு இரண்டாவது தொன்னை வாங்கப் போனான்.

வாணலியின் பக்கத்தில் நின்றிருந்த வயதான சீனப் பெண்மணி, நரைத்த கூந்தலைக் கொண்டை போட்டிருந்தவர், ஒரு தொன்னையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு அலகாவிடம் வந்தார்.

"சாப்பிடும்மா," என்றார் நல்ல வங்க மொழியில்.

"வேண்டாம்மா. நான் விரதம்."

"விரதமா?" அவர் முகம் மலர்ந்தது. "அப்படின்னா முதல்ல உனக்குத்தான் கொடுக்கணும். பிடி."

அலகாவுக்கு உடம்பு எரிந்தது. காலையிலிருந்து எல்லோரும் அவள் விரதத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். கணவன் இழுத்தான், பரிசாரகன் இழுத்தான், இப்போது இந்த அம்மாளும்.

"விரதம்னு சொல்றேன், நூடுல்ஸை நீட்டறீங்களே. உங்க வீட்டுல சாமி கும்பிட மாட்டீங்களா? வியாபாரத்துக்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா?"

"வியாபாரமா?" பெண்மணி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீங்க. உங்ககிட்ட எனக்குக் கோபம் இல்லை. அதோ ரெண்டாவது தடவை வாங்கித் தின்னுக்கிட்டிருக்காரே, அவர்கிட்டத்தான். என்னைக் கொஞ்ச நேரம் தனியா விடுங்க."

அவர் போகவில்லை. ஒரு முக்காலியை இழுத்து நிழலில் போட்டு அலகாவை உட்காரவைத்தார். தொன்னையை இன்னொரு தொன்னையால் மூடி ஓரமாக வைத்தார். பிறகு அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

அழும்போது பக்கத்தில் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தாலே மனம் பாதி இறங்கிவிடுகிறது. அலகா முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"யாருக்காக விரதம்?" என்றார் அவர்.

"தம்பிக்கு. நாளைக்குக் கண் ஆபரேஷன்."

"பேர் என்ன?"

"எதுக்கு?"

"சும்மா சொல்லேன்."

"மானஸ்."

பெண்மணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முற்றத்தின் மூலையில் இருந்த சிறிய மரக்கதவைத் திறந்து உள்ளே போனார். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்தார். மூடிய தொன்னையை எடுத்து, ஒன்றும் பேசாமல், அலகாவின் மடியிலேயே வைத்தார். மறுபடியுமா என்று அவள் சீற நினைத்தாள். அந்தக் கைகளின் தோல் முழுவதும் எண்ணெய் தெறித்த பழைய வடுக்களைப் பார்த்ததும் சீற்றம் அடங்கிவிட்டது. தட்டிவிடவும் மனம் வரவில்லை. மடியில் சூட்டோடு அது இருந்தது.

மூன்றாவது தொன்னையோடு வந்த பீரேன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். எதிர்மதிலைப் பார்த்தான். மதிலின் உச்சியில் ஒரு விரல் அகலத்துக்கு வெயில் மிச்சமிருந்தது. வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"அலகா," என்றான். "நான் கழுதை."

"இப்பத் தெரிஞ்சு என்ன பண்றது? எல்லாக் கதவையும் சாத்திட்டீங்க. அவன் கண்ணு போனா, அந்தப் பாவம் உங்க நாக்குக்குத்தான்."

பீரேன் தொன்னையைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சந்து முனைக்கு ஓடினான். அங்கே ஒரு டாக்ஸி நின்றிருந்தது. அதன் டிரைவர், பிகார்க்காரர், செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு முற்றத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார். பீரேன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். வண்டியை எடுங்க."

"சாப்பிட்டுட்டு வர்றேன் தாதா. இன்னிக்கு இதை விட முடியாது."

"அப்புறம் நான் விருந்தே வைக்கிறேன். வெயில் போறதுக்குள்ள என் சம்சாரத்தை ஒரு காளி கோயில்ல கொண்டுபோய் இறக்கிவிடுங்க. எந்தக் காளி கோயிலா இருந்தாலும் சரி. அவ வாயில அம்மாவோட பிரசாதம் ஒரு வாய் போனாப் போதும்."

டிரைவர் பீரேனைப் பார்த்தார். முக்காலியில் அழுதுகொண்டிருந்த அலகாவைப் பார்த்தார். சீனப் பெண்மணி நீட்டிய தொன்னையை வாங்கி, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

"காளி கோயில் பின்வாசல்ல நின்னுக்கிட்டு காளி கோயிலுக்கு வண்டி கேக்கறீங்களே தாதா," என்றார். "அம்மாவோட பிரசாதம் தீதி மடியிலதானே இருக்கு."